சுடாத சிவப்பு

தட்டின் நடுவில் இருந்த பெரிய ரோஜா காலையில் நீலமாக இருந்தது.

எடெல்கா முதலில் வெளிச்சத்தின் மேல்தான் பழியைப் போட்டாள். நவம்பரில் டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பி வருகிற மூடுபனி எந்த ஜன்னலையும் விட்டுவைப்பதில்லை. அந்த வெளிச்சத்தில் புது வெண்ணெய்கூடச் சாம்பல் பூத்துத்தான் தெரியும். தட்டில் விரல் படாமல், அது உட்கார்ந்திருந்த சுழல்பலகையோடு சேர்த்து மெல்ல விளக்கடிக்கு இழுத்தாள். நீலமேதான். நேற்று மாலை அவள் அணில்முடித் தூரிகையால் இதழ் இதழாக ஏற்றிய சிவப்பு போன இடம் தெரியவில்லை. அதே இடத்தில், அதே அளவில், நீல ரோஜா ஒன்று காலம்காலமாக அங்கேயே இருப்பதுபோல உட்கார்ந்திருந்தது. சமையலறையில் கிராம்புத் தைலமும் டர்பன்டைனும் கலந்த வழக்கமான வாசனை. தாழ்வாரத்தில் தொங்கும் மிளகாய்ச் சரங்களின் நெடி. அடுப்படியில் பூனை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன, அந்த ஒரு பூவைத் தவிர.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதுகிற தட்டும் இல்லை அது. வருகிற சனிக்கிழமை அவளுடைய ஒரே மகள் இல்காவுக்குக் கல்யாணம். பந்தியில் பெண்ணும் மாப்பிள்ளை கெர்கோவும் ஒரே தட்டில், ஒரே கரண்டியால் கோழி சூப் குடிக்க வேண்டும். அந்தத் தட்டுக்குப் பெண்ணைப் பெற்றவள்தான் பூ எழுத வேண்டும். வெறும் வெள்ளைத் தட்டை வாங்கி, சாராயத்தில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, கோடு போடாமல், மனதில் இருப்பதை அப்படியே இழுப்பாள் எடெல்கா. கலோச்சா வட்டாரத்துப் பெண்களுக்கு நிறம் விளையாட்டில்லை. மணப்பெண்ணுக்குச் சிவப்பு, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவளுக்கு ஊதா, துக்கக்காரிக்கு நீலம். ஊரே கூடியிருக்கிற பந்தியில் இல்காவின் முன்னால் நீலப் பூத் தட்டு வந்தால், பரிமாறுகிறவளே கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

சூளையில் சுடுகிற வரைக்கும் இந்த வண்ணம் வெறும் தூளும் தைலமும்தான். ஈர விரல் பட்டால் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் துடைக்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் என்று கண்டுபிடிக்க எடெல்கா ரொம்ப யோசிக்கவில்லை. அந்த நீல இதழ் ஒவ்வொன்றும் தொடக்கத்தில் கனத்து, முடிவில் மெலிந்து வலப்பக்கம் வளைந்திருந்தது. அப்படி இழுக்கிற கை சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான். அந்தக் கைக்குச் சொந்தக்காரி பின்னறையில் இருமிக்கொண்டே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

கிசெல்லா, எடெல்காவின் நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளாதவள். நகரத்துப் பீங்கான் பட்டறையில் பூ எழுதியே தலை நரைத்தவள். தட்டு வேலையை ஆரம்பித்த அன்று, "நானும் ரெண்டு தூரிகை இழுக்கட்டுமா?" என்று கேட்டாள். "பெத்தவ இருக்கிறப்போ நீங்க எதுக்குக்கா சிரமப்படணும்?" என்று எடெல்கா சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டாள். சிரித்த முகம்தான், ஆனால் சொன்ன சொல் குத்தியிருக்கும் என்று அவளுக்கே தெரியும். குத்த வேண்டும் என்றுதான் சொன்னாள்.

அவள் புருஷன் அம்ப்ருஷ் கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டிருந்தான். மிளகாய்ப் பொடி ஆலையில் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் காது மடலில் சிவப்பு போகாத மனிதன்.

"உங்க அக்கா பண்ணியிருக்கிற கூத்த வந்து பாருங்க."

வந்து பார்த்தான். தாடையில் நுரை வழிந்தது.

"பூ நல்லாத்தானே இருக்கு?"

"நீலம்! மணப்பொண்ணு தட்டுல நீலம்!"

"அக்கா ராத்திரி தண்ணி குடிக்க எழுந்திருக்கவே நாலு தடவை முனகுவா. அவ எழுந்து வந்து, விளக்கப் போட்டு, உக்காந்து பூ எழுதினாளாக்கும்! தூக்கக் கலக்கத்துல நீயே கிண்ணம் மாத்தித் தொட்டிருப்பே. கல்யாண வீட்டுல பொம்பளைங்களுக்குத் தூக்கம் போனா புத்தியும் பின்னாடியே போயிடும் போலிருக்கு."

எடெல்கா பஞ்சை டர்பன்டைனில் நனைத்து அந்த நீலத்தைத் துடைத்தாள். பிறகு தூளைக் கண்ணாடித் துண்டில் கொட்டி, தைலம் விட்டு, கத்தியால் குழைத்து, நேற்றைவிட அடர்த்தியாகச் சிவப்பு ஏற்றினாள். விளிம்பில் இருந்த சிறு பூக்களுக்கும் இன்னொரு பூச்சுக் கொடுத்தாள். பின்னறைக் கதவிடுக்கில் கிசெல்லா நின்று பார்த்துக்கொண்டிருந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சிவப்பைத் தொட்டாள்.

அடுத்த நாள் காலை நீலம் இல்லை. விளிம்பில் இருந்த ஒரு சிவப்பு டூலிப் பூவே இல்லை.

இந்தத் தடவை எடெல்கா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். துடைத்தால் தீற்றல் இருக்கும், தெரியாதா அவளுக்கு? எத்தனை கைதேர்ந்தவள் பஞ்சைச் சுற்றித் துடைத்தாலும் பக்கத்தில் இருக்கிற பச்சை இலையில் ஒரு கீற்றாவது இழுபடும். இங்கே இலை அப்படியே இருந்தது. காம்பு அப்படியே இருந்தது. பூ இருந்த இடம் மட்டும், பூவின் வடிவத்திலேயே, பளிச்சென்று வெள்ளை. கத்தரித்து எடுத்ததுபோல ஓரம் பிசகவில்லை. விரலை வைத்தாள். பிசுபிசுவென்று ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். கிராம்பு வாசனை இல்லை, டர்பன்டைனும் இல்லை. மூடிய வாய் காலையில் முதல் முதலாகத் திறக்கும்போது அடிக்குமே, அந்த வாடை. அடியில் கொஞ்சம் பழைய செம்புக் காசின் வாடை.

விரலை ஏப்ரனில் அழுத்தித் துடைத்தாள். ஆனால் பயத்தைவிடச் சந்தேகம் முந்திக்கொண்டு வந்துவிட்டது, அதுதான் அவள் சுபாவம். இவ்வளவு சுத்தமாக அழிக்கப் பட்டறைக் கை வேண்டும். ஊரில் பட்டறைக் கை யாருடையது? அப்புறம் என்ன.

கிசெல்லா சமையலறை மேசையில் கல்யாண சூப்பில் போட நத்தை ஓடு வடிவில் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். வரிப்பலகையில் மாவுத் துணுக்கை வைத்துக் கட்டைவிரலால் ஒரு தள்ளு, சுருண்டு விழும். ஒரு தள்ளு, ஒரு சுருள். எடெல்கா எதிரே வந்து நின்றாள்.

"அக்கா, சுத்தி வளைக்காம கேக்கிறேன். தட்டுல கை வெச்சீங்களா?"

"வெச்சேன்," என்றாள் கிசெல்லா, தலை நிமிராமல். "நீலம் என் கைதான்."

இல்லை என்று சாதிப்பாள், சண்டை போடலாம் என்று தயாராக வந்திருந்த எடெல்கா மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"நீலத்த அது தொடாது. அதுக்குத்தான் எழுதினேன். எல்லாப் பூவையும் மாத்தணும்னுதான் உக்காந்தேன், ஒண்ண முடிக்கிறதுக்குள்ள பயந்து எந்திரிச்சுட்டேன். நீ அதையும் துடைச்சுட்டே."

"எது தொடாது?"

"பேரு தெரியாது. பேரு வைக்கிற அளவுக்கு நான் அதப் பாத்ததில்ல." கட்டைவிரல் நின்றது. "எங்க தெருஸ் கல்யாணத்துக்கு வந்துச்சு."

தெருஸ் கிசெல்லாவின் தங்கை. அம்ப்ருஷ் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துபோனவள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்ச்சலில் போனதாகத்தான் எடெல்கா கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

"காய்ச்சல்னுதானே சொல்வாங்க?"

"டாக்டர் ரத்தம் இல்லேன்னாரு. ஒரு சொட்டு கீழ சிந்தல, ஒரு கீறல் இல்ல. பின்ன ரத்தம் எங்க போச்சுன்னு அவருகிட்ட யாரு கேக்கிறது? இந்த வீட்டுப் பொண்ணுக்குச் சிவப்பு எழுதி வெச்சா அதுக்கு வாசன வந்துடுது, எடெல்கா. அதனாலதான் நான் சிவப்பே வேண்டாம்னு இருந்துட்டேன்."

"அப்போ டூலிப்ப அழிச்சது?"

"நான் இல்ல."

"ஓஹோ. நீலம் மட்டும் நீங்க, வெள்ள மட்டும் பேயி. நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்கீங்க! உங்களுக்குத்தான் ஒரு பந்தி வாய்க்கல, எம் பொண்ணாவது உக்காரட்டுமே. அதுகூடப் பொறுக்கலையா?"

கிசெல்லாவின் முகம் சுருங்கியது. மறுபடி மாவுத் துணுக்கை எடுத்தாள். கட்டைவிரல் அழுந்தியதில் அது சுருளாமல் நசுங்கிப்போனது. எடெல்காவுக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டாள்.

டூலிப் பூவைத் திரும்ப எழுதி, தட்டை நல்லறைக்குக் கொண்டுபோனாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர மற்ற நாளெல்லாம் மூடியே கிடக்கிற முன்னறை அது. உத்தரம் வரைக்கும் தலையணை அடுக்கிய கட்டில், சுவர் முழுக்கத் தட்டுகள், வருஷக் கணக்காகத் திறக்காத ஜன்னல். மேசையில் தட்டை வைத்துக் கதவைப் பூட்டினாள். இருந்தது ஒரே சாவி. அதை ஏப்ரன் பையில் போட்டுப் பையின் வாயை ஊசியால் குத்திக்கொண்டாள்.

மறுநாள் பிற்பகல் கிசெல்லா பூசைக்குப் போயிருந்தாள். அம்ப்ருஷ் ஆலையில். பனி வேலி வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தது. தெருவில் போகிற டிராக்டரின் சத்தம் கேட்டதே தவிர, டிராக்டர் தெரியவில்லை. எடெல்கா அடுப்படியில் உட்கார்ந்து கிண்ணங்களுக்குப் பச்சை இலை எழுதிக்கொண்டிருந்தாள், மனம் ஒருவாறு நிம்மதியாக இருந்தது, அடுப்பில் விறகு முறிகிற சத்தமும் தூரிகைக் காம்பு கிண்ணத்தில் தட்டுகிற சத்தமும் கடிகாரமும் சேர்ந்து ஒரு தாலாட்டுப் போலக் கண்ணைச் சொருகவைத்தன, அந்தச் சத்தங்களுக்கு நடுவே இன்னொன்றும் ரொம்ப நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. பூனை பால் குடிக்கிற சத்தம். மெத்தென்று, ஒழுங்காக, அவசரமே இல்லாமல்.

பூனை அவள் காலடியில் இருந்தது. குடிக்கவில்லை. முதுகு முடி சிலிர்க்க, நல்லறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

தூரிகையைக் கீழே வைத்தாள். சத்தம் நின்றது.

பையின் ஊசியைப் பிடுங்கிச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் மூடியபடி மூடியிருந்தது. தட்டு மேசையில் இருந்தது. நடுவில் இருந்த பெரிய ரோஜாவில் பாதி இல்லை. மிச்சப் பாதியின் ஓரம் ஈரத்தில் மினுமினுத்தது.

வேலிக் கதவு கிரீச்சிட்டது. எட்டிப் பார்த்தாள், ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிசெல்லா பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. ஏன் மூச்சு வாங்க வேண்டும்? கோயில் என்ன மலைமேலா இருக்கிறது? பூசைக்குப் போவதுபோலப் போய், தோட்டம் வழியாகச் சுற்றி வந்து, கள்ளச்சாவி போட்டு வேலையை முடித்துவிட்டு, மறுபடி சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? நல்லறைக்கு இன்னொரு வாசல் இல்லை, தோட்டத்து ஈரமண்ணில் ஒரு காலடிகூட இல்லை என்பதெல்லாம் எடெல்காவின் கண்ணுக்குத் தெரிந்தது. மனம்தான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நாத்தனார் செய்தாள் என்றால் நாத்தனாரை வெளியே அனுப்பினால் முடிந்தது. நாத்தனார் செய்யவில்லை என்றால் யாரை வெளியே அனுப்புவது?

அன்று மாலை வீட்டில் பெரிய ரகளை. அம்ப்ருஷ் கத்தினான், எடெல்கா அழுதாள், அழுகைதான் ஜெயித்தது. ஆற்றைப் படகில் கடந்தால் அந்தப் பக்கம் சித்தப்பா மகள் வீடு இருக்கிறது, கல்யாணத்தன்று காலை அழைத்து வந்துவிடலாம் என்று முடிவானது.

"என் அக்காவ என் வீட்டுலேர்ந்து நானே கொண்டுபோய் விட்டுட்டு வரணும்," என்றான் அம்ப்ருஷ், கார் சாவியைத் தேடிக்கொண்டே. "உனக்கு இப்போ குளுகுளுன்னு இருக்குமே?"

கிசெல்லா ஒரு சின்னப் பையோடு வாசலில் நின்றாள். சண்டை போடவில்லை. எடெல்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்கள் சில்லென்றிருந்தன.

"நான் போறேன். நீலமும் வேண்டாம், உன் இஷ்டப்படி சிவப்பே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளு. தட்டச் சுடாத."

"சுடாம?"

"தினம் அழியட்டும், தினம் எழுதி வை. அதுக்கு வேண்டிய சிவப்பு தட்டுல கெடைக்கிற வரைக்கும் அது தட்டோட போயிடும். கல்யாணம் முடிஞ்சு இல்கா இந்த வீட்டுப் படியத் தாண்டிட்டா அப்புறம் பயமில்ல. தெருஸோட தட்ட எங்கம்மா சுட்டுட்டாங்க, எடெல்கா. நல்லா, அழகா சுட்டாங்க."

எடெல்கா கையை உருவிக்கொண்டாள். சுடாதே என்கிறாளா! சுட்டுவிட்டால் சிவப்பு கண்ணாடியோடு கண்ணாடியாக உருகி ஒட்டிக்கொள்ளும். டர்பன்டைன் என்ன, உளி கொண்டு வந்தாலும் எடுக்க முடியாது. அதனால்தானே இந்தக் கெஞ்சல். இத்தனை நாள் இது தனக்குத் தோன்றாமல் போனதே என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கார் கிளம்பிய சத்தம் அடங்குவதற்குள் ரோஜாவைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டாள். கொட்டகையில் சின்ன மின்சூளை ஒன்று இருந்தது, பட்டறை மூடியபோது வாங்கிப்போட்டது. தட்டை உள்ளே வைத்து மூடி, முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முதலில் தைலம் எரிகிற நெடி, கிராம்பும் புகையுமாகத் தொண்டையைக் கரித்தது. பிறகு நெடி அடங்கி, சூளை மெல்ல உறுமத் தொடங்கியது. பார்வைத் துளையில் செங்கனல். கொட்டகைக் கதவுக்கு வெளியே பனி. அந்தப் பனிக்குள்ளே, கதவுக்கு ரொம்பக் கிட்டத்தில், யாரோ நாக்கைச் சப்புக்கொட்டியதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஒரு தடவைதான். கூரையிலிருந்து நீர் சொட்டியிருக்கும் என்று அவள் உரக்கவே சொல்லிக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, சூளை ஆறியதும் திறந்தாள். அப்பா, என்ன சிவப்பு! அவள் வாழ்நாளில் அப்படி ஒரு சிவப்பு எடுத்ததில்லை. ரோஜா ஈரமாக இருப்பதுபோல மின்னியது, தொட்டால் கண்ணாடி. நகத்தால் கீறினாள். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாள். அசையவில்லை. மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, அந்த இடத்திலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள்.

பிற்பகல் நகரத்திலிருந்து பஸ்ஸில் இல்கா வந்து இறங்கினாள். குளிரில் கன்னம் இரண்டும் பழுத்துப்போயிருந்தன. வந்ததும் வராததுமாக அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

"தட்டு எங்கம்மா? ஐயோ, எவ்ளோ அழகு! கெர்கோ பாத்தான்னா சூப்ப மறந்துட்டுத் தட்டையே தின்னுடுவான். அத்த எங்க? அத்தையோட இதழ் ஒண்ணுகூட இதுல இல்லையே?"

"அத்த காலையில வருவாங்க. நீ போய்க் கொஞ்ச நேரம் படு. பலகாரம் சுட ஊருப் பொம்பளைங்க வந்துட்டா அப்புறம் கண்ண மூட விடமாட்டாங்க."

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் நல்லறைக் கட்டிலில்தான் படுக்க வேண்டும். மறுநாள் போடப்போகிற பூவேலைச் சட்டையைப் போட்டுப் பார்த்து, அதோடே சாய்ந்துவிட்டாள் இல்கா. அவள் தலைமாட்டில் தட்டை நிறுத்தி வைத்துவிட்டு எடெல்கா வெளியே வந்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பனி இன்னும் அடர்ந்துவிட்டது, படகு ஓடாதுதான். ஆனாலும் கிசெல்லாவை நம்ப முடியாது, பட்டறைக்காரி, பிடிவாதக்காரி, நீந்திக்கூட வந்துவிடுவாள். சுட்டதை அழிக்க முடியாவிட்டால் உடைக்கவாவது பார்ப்பாள். எடெல்கா கதவை வெளியே பூட்டிச் சாவியைப் பையில் போட்டு ஊசி குத்திக்கொண்டாள்.

அம்ப்ருஷ் திராட்சைரசப் பீப்பாய் கொண்டுவரப் போயிருந்தான். வீட்டில் சத்தமே இல்லை. வெளியே சீக்கிரமாகவே மங்கிக்கொண்டு வந்தது. எடெல்கா மாவு சலித்தாள், கசகசாவை அரைத்தாள், பெரிய தட்டங்களுக்கு வெண்ணெய் தடவினாள். சல்லடை இப்படியும் அப்படியும் போகிற ஓசையில் தன் கல்யாணத்தை நினைத்துக்கொண்டாள், அன்றைக்குக் கிசெல்லா தனக்குத் தலை பின்னிவிட்டதை நினைத்துக்கொண்டாள், காலையில் வந்ததும் அவளுக்கு நல்ல காபியாகப் போட்டுக் கொடுக்க வேண்டும், நாலு வார்த்தை தணிவாகப் பேச வேண்டும் என்று நினைத்தாள்.

பூனை எழுந்தது.

அந்தச் சத்தம். நல்லறையிலிருந்து.

இந்தத் தடவை மெத்தென்று இல்லை. கடினமான ஒன்றின் மேல் ஈரமான ஒன்று இழுபடுகிற சத்தம். நீளமாக ஓர் இழுப்பு. இன்னொன்று. கட்டில் தலைமாட்டுப் பலகையில் தட்டு ஆடி டக்டக்கென்று இடித்தது. இழுப்பு வேகமானது. அழுந்தியது. தட்டு கிரீச்சிட்டது.

எடெல்கா சல்லடையோடு நின்றாள். அழியாது, என்று நினைத்தாள். சுட்டாச்சு. இனி அழியாது.

சத்தம் நின்றது.

பெரிய அமைதி. தானே மூச்சு விடுவது கேட்டது.

மறுபடி தொடங்கியது. இப்போது மெதுவாக. மெத்தென்று. கடினமான எதன் மேலும் இல்லை.

சல்லடை விழுந்தது. அவள் ஓடினாள். பையில் ஊசி வரவில்லை. விரலில் குத்தியது. துணியோடு கிழித்தாள். சாவி. துவாரம் அகப்படவில்லை. "இல்கா!" பதில் இல்லை. உள்ளே அந்தச் சத்தம் மட்டும். அவசரமே இல்லாமல். சாவி திரும்பியது.

இருட்டு. அந்த வாய் வாடை. சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள்.

தட்டைத்தான் முதலில் பார்த்தாள். முழுக்க எச்சில். விளிம்பிலிருந்து நூலாக இறங்கித் தலையணை உறையை நனைத்திருந்தது. அதற்கடியில் ரோஜா அப்படியே இருந்தது, ஓர் இதழ்கூடக் குறையாமல். சிவப்பு போகவில்லை! ஒரு கணம், ஒரே ஒரு கணம், எடெல்காவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இல்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கம் கலையாத கண்களோடு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சட்டையில் பச்சை இலைகள் இருந்தன, காம்புகள் இருந்தன. சிவப்புப் பூக்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளை. சட்டைக்கு மேலே கழுத்து வெள்ளை. சிரித்த உதடு வெள்ளை. உதட்டுக்குள்ளே ஈறும் நாக்கும், இன்னும் எழுதாத பீங்கான் போல, வெள்ளை.

"கதவ ஏம்மா வெளிய பூட்டினே?"

எடெல்கா புருஷன் பேரைச் சொல்லவில்லை, மாதாவைக் கூப்பிடவில்லை. "கிசெல்லா அக்கா!" என்று அலறினாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிறாற்போல. "அக்கா! அக்கா!"

வாசலில் பெண்களின் சிரிப்பு. பலகாரத் தட்டங்களைத் தட்டித் தாளம் போட்டுக் கல்யாணப் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்ப் பெண்கள் வேலிக் கதவைத் திறந்தார்கள்.

இல்காவின் இடக்கன்னத்தில் மட்டும் இன்னும் சிவப்பு மிச்சமிருந்தது, ஒரே ஓர் இதழ் அளவுக்கு. அவள் பக்கத்தில் யாருமில்லை.

"அம்மா," என்றாள் இல்கா, கன்னத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டே, "இங்க என்னமோ ஈரமா இருக்கும்மா."

எடெல்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சிவப்பின் மேல் ஈரம் மினுங்கியது. ஓர் ஓரத்திலிருந்து, தீற்றல் விழாமல், கோடு பிசகாமல், கொஞ்சம் கொஞ்சமாக அது வெளுத்துக்கொண்டு போனது.